எதிர்ப்பு சக்தியை ஏற்றினால் ஈரல் கட்டி கரையுமா?

கேள்வி: தாராவியில் இருக்கிறோம். அப்பாவுக்கு வயது 61. பல வருடமாக ஹெபடைடிஸ் பி இருந்தது, இப்போது ஈரலில் புற்றுநோய். ஆபரேஷன் செய்ய முடியாது, இம்யூனோதெரபி ஊசி போடலாம் என்கிறார் டாக்டர். ‘எதிர்ப்பு சக்தி கூடினால் கட்டி தானாகக் கரையும்’ என்று பக்கத்து வீட்டுக்காரர் கிலோய் ஜூஸ் வாங்கித் தந்திருக்கிறார். ஊசியோடு சேர்த்துக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். கிலோய் நம் ஊர் சீந்தில்கொடிதான். கொரோனா காலத்தில் அதைச் சாப்பிட்டு ஈரல் பாதிக்கப்பட்டு வந்த 6 பேரைப் பற்றி மும்பை மருத்துவர்களே 2021இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. அந்த வாதம் ஒருபக்கம் இருக்கட்டும், உங்கள் அப்பாவின் ஈரலில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாமே.

அப்புறம், ‘கூட்டுவது’ என்ற கணக்கே இங்கே சரிவராது. ஹெபடைடிஸ் பி வைரஸ் ஈரல் செல்லை நேரடியாக அவ்வளவாகக் கொல்வதில்லை. வைரஸ் புகுந்த செல்களைத் தேடி அழிப்பவை நம் எதிர்ப்பு செல்கள்தான். வைரஸ் முழுதாக ஒழியாததால் இந்தச் சண்டை வருடக்கணக்கில் நீள்கிறது. செத்த செல்லுக்குப் பதில் புதுச் செல், அது செத்தால் இன்னொன்று. ஈரல் தழும்பேறிச் சுருங்குகிறது. இப்படி ஓயாமல் பிரியும் செல்களில் ஒன்று தடம் மாறினால் புற்றுநோய்.

கட்டி வந்தபிறகு கதை தலைகீழாகிறது. குடலிலிருந்து உணவுச்சத்தும் கிருமித் துணுக்குகளும் கலந்த ரத்தம் நேரே ஈரலுக்குத்தான் வருகிறது. வருவதற்கெல்லாம் விசில் ஊதினால் வாட்ச்மேன் வேலை நடக்காது. அதனால் பொறுத்துப்போவது ஈரலின் இயல்பு. கட்டி இதைப் பயன்படுத்திக்கொள்கிறது. கிருமிகளை விழுங்கும் எதிர்ப்பு செல்களில் பல அதன் பக்கம் சாய்ந்து, புது ரத்தக்குழாய் வளர உதவுகின்றன. கொல்ல வேண்டிய டி செல்கள் கட்டிக்குள்ளேயே இருந்தும் பிடி-1 என்ற பிரேக் அழுந்தி ஓய்ந்து கிடக்கின்றன. ஆள் பற்றாக்குறை இல்லை. ஜூஸ் இந்த பிரேக்கை எடுக்காது.

அதை எடுக்கத்தான் அட்டிசோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து. கூடவே தரப்படும் பெவசிசுமாப் ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ட்ரிப்பில் ஏற்றுவார்கள். 2020இல் வெளிவந்த ஆய்வில் பழைய சொராஃபெனிப் மாத்திரையைவிட இந்த ஜோடி ஆயுளைக் கூட்டியது. ஆனால் கட்டி நன்றாகச் சுருங்கியது சுமார் பத்தில் மூவருக்குத்தான். செலவும் அதிகம் என்பதால் இதை மறைக்காமல் சொல்கிறேன்.

உங்கள் டாக்டர் சொல்வதும் இந்த ஜோடியா என்று கேளுங்கள். ஆமாம் என்றால், முதல் ஊசிக்கு முன் எண்டோஸ்கோப்பி உண்டா என்றும் கேளுங்கள். உணவுக்குழாயில் ரத்தநாளம் புடைத்திருந்தால் பெவசிசுமாப் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். ஹெபடைடிஸ் பி மாத்திரையை ஒருநாளும் நிறுத்தக்கூடாது. பிரேக் எடுத்த செல்கள் குடலையும் நுரையீரலையும் ஈரலையும்கூடத் தாக்கக்கூடும். விடாத பேதி, மூச்சிரைப்பு, கண் மஞ்சள் என்று எது வந்தாலும் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கேட்காமல் அன்றே டாக்டருக்கு போன் செய்யுங்கள்.

அம்மாவும் நீங்களும் ஹெபடைடிஸ் பி டெஸ்ட் எடுத்தீர்களா என்று எழுதவில்லை. இந்த வாரமே எடுங்கள். வைரஸ் இல்லை, எதிர்ப்புத் திறனும் இல்லை என்று வந்தால் தடுப்பூசி மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம்.