சுமைதாங்கியை எடுக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் எல்லையில், சந்தைக்குப் போகும் சாலையோரம், இரண்டு கல்தூண் நட்டு மேலே ஒரு நீளக் கல்லைக் கிடத்தியிருக்கிறார்கள். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அதில் சாய்ந்துகொள்வார்கள். சாலையை அகலப்படுத்தப் போகிறார்களாம். எடுத்துப் போட்டுவிடலாம் என்கிறார்கள் சிலர். பிள்ளையார் கோயில் வாசலில் வைக்கலாம் என்கிறார்கள் வேறு சிலர். அது என்ன கல்? நாங்கள் என்ன செய்யலாம்?
(ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்)

பதில்: அது சுமைதாங்கி, அம்மா. தலைச்சுமையைத் தரையில் இறக்கிவிட்டால் ஒற்றை ஆளாகத் திரும்பத் தூக்க முடியாது. அதனால்தான் அந்தக் குறுக்குக் கல் கிட்டத்தட்ட தோள் உயரத்தில் இருக்கிறது. லேசாகக் குனிந்தால் சுமை கல்லுக்கு நகர்ந்துவிடும். கிளம்பும்போது தலையைக் கொடுத்தால் திரும்ப ஏறிவிடும். என் பாட்டி சோளமூட்டையை அப்படி இறக்கிவிட்டு, சும்மாட்டை எடுக்காமலே முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டு நின்றதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

பல ஊர்களில், வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் இதை நடுவார்கள். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவள். வருகிறவர் போகிறவர் சுமை இறக்கினால் அவள் மனம் ஆறும் என்பது நம்பிக்கை. உங்கள் ஊர்க் கல்லில் பெயரோ வருடமோ வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். காலை ஏழு மணி வாக்கிலோ சாயங்காலமோ போங்கள். சாய்ந்த வெயிலில்தான் தேய்ந்த எழுத்து தெரியும். உச்சி வெயிலில் வெறும் கல்தான். ஈரத்துணியால் துடைத்தால் போதும். கம்பி பிரஷ், ஆசிட், பெயிண்ட் மூன்றும் கூடவே கூடாது.

கோயில் வாசலுக்கும் வேண்டாம். அங்கே போனால் அது ஒரு கல்பெஞ்சு, அவ்வளவுதான். சந்தைக்கு நடந்த பாதை எது, எவ்வளவு தூரம் நடந்தால் கழுத்து வலிக்கும் என்பதெல்லாம் அது நிற்கிற இடத்தில்தான் இருக்கிறது. நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் அதே சாலையில், அதே பக்கம், பத்தடி தள்ளி, உயரம் குறையாமல் நட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். நான்கு பக்கமும் படம் எடுத்து, ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போட்டு, மாவட்ட ஆட்சியருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் அனுப்புங்கள். வேலை தொடங்குவதற்கு முன்பே செய்யுங்கள். எங்கள் ஊரில் நாங்கள் பிந்திவிட்டோம். பாட்டி சுமை இறக்கிய அந்தக் கல், உடைந்து ஒரு சிறுபாலத்தின் அடியில் கிடக்கிறது. இன்றைக்கும் அந்தப் பாலத்தைத் தாண்டும்போது எனக்கு வயிறு கலங்கும்.

கேள்வி: எங்கள் கொல்லைமேட்டில் வேடியப்பன் என்று கும்பிடுகிற கல்லில் வில் பிடித்த ஆளும், காலடியில் நாய் மாதிரி ஒன்றும் இருக்கிறது. நாயை எதற்குச் செதுக்கினார்கள்?
(ஒரு வாசகர், செங்கம் பக்கம்)

பதில்: அது நடுகல்லாக, அதாவது இறந்த வீரனின் நினைவாக நட்ட கல்லாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் பக்கத்தில் பல நடுகற்களை வேடியப்பன் என்றுதான் கும்பிடுகிறார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு நட்ட கல். அவனோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதியும் வைத்தார்கள். ஏறக்குறைய 1,400 வருடம் ஆகியும் அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது! உங்கள் கல்லிலும் எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் எழுத்து இருக்கலாம். பூசாரியிடம் கேட்டுக்கொண்டு, நாய்க்குப் பக்கத்தில் இருக்கிற இடத்தையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்புங்கள்.