கட்டைக் காப்பாற்றுவது எப்படி? காட்ஸ் கேள்வி பதில்

சித்திரை வருடப்பிறப்பு நெருங்குகிறது. இனி வீட்டுக்கு வீடு 304, ஓமி என்று சீட்டாட்டம் தொடங்கிவிடும். பழைய காட்ஸ் சேர்ப்பவன், பழுதானதைத் திருத்திப் பார்ப்பவன் என்பதால் திருகோணமலையில் பலர் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு ஒரேயடியாக இங்கே பதில் எழுதுகிறேன். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: முகம் அழுக்கானால் பரவாயில்லை, கவிழ்த்து வைத்தால் எல்லாச் சீட்டும் ஒரே மாதிரித் தெரியவேண்டும். முதுகைப் பார்த்து ஒரு சீட்டை அடையாளம் கண்டுவிட்டால் அந்தக் கட்டின் கதை முடிந்தது.

உப்புவெளியிலிருந்து ஒருவர்: பெட்டியில் பிளாஸ்டிக் என்று போட்டிருந்தது. கார்த்திகை மழையோடு ஓரமெல்லாம் ஊதி, கட்டு பெட்டிக்குள் போக மறுக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பெட்டியை இன்னொரு முறை வாசியுங்கள். "பிளாஸ்டிக் கோட்டட்" என்றுதான் இருக்கும். அது கடதாசிச் சீட்டு. இரண்டு தாள்களை நடுவில் கறுப்புப் பசை வைத்து ஒட்டி (வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியாமல் இருக்கத்தான் கறுப்பு), மேலும் கீழும் மெல்லிய பூச்சு கொடுத்திருப்பார்கள். வெட்டிய நாலு ஓரத்துக்கும் பூச்சு கிடையாது. வாடைக்காலத்து ஈரம் அந்த ஓரத்தால்தான் ஏறுகிறது. 1885 முதல் வருகிற பைசிக்கிள் என்ற பிராண்டுச் சீட்டும் கடதாசிதான், மழைக்கு அதுவும் ஊதும்.

முழுப் பிளாஸ்டிக் வேண்டுமென்றால் "100% பிளாஸ்டிக்" என்று தெளிவாக எழுதியிருக்கவேண்டும். கெம் என்ற பிராண்டுச் சீட்டு செலுலோஸ் அசிடேட்டில் செய்வது, கோபாக் என்ற பிராண்டு பி.வி.சி.யில் செய்வது. இரண்டும் தண்ணீருக்கு அசையாது. விலை பல மடங்கு அதிகம். தினமும் ஆடுகிறவருக்கு அந்தக் காசு வீண்போகாது. வருடப்பிறப்புக்கு மட்டும் ஆடுகிற வீட்டுக்குக் கடதாசியே போதும், கைக்கும் அதுதான் இதமாக இருக்கும்.

ஊதிய கட்டைக் காற்றுப் புகாத டப்பாவில், சப்பாத்துப் பெட்டியோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். ஓரளவு இறங்கும், புதிது போல் ஆகாது. தயவுசெய்து அயன்பெட்டியை எடுக்கவேண்டாம், பூச்சு இளகிச் சீட்டுகள் ஒட்டிக்கொள்ளும்.

நகரத்திலிருந்து ஒருவர்: நாங்கள் நாலு பேர் தினமும் பின்னேரம் 304 ஆடுகிறோம். ஐந்தாறு சீட்டு மட்டும் நன்றாகக் கறுத்துவிட்டது. அதே மாதிரிப் புதுக் கட்டு வாங்கி, அந்தச் சீட்டுகளை மட்டும் மாற்றிப் போடலாமா?

கூடாது. 304க்கு எடுக்கும் 32 சீட்டில், பழசான 26க்கு நடுவே ஆறு வெள்ளைச் சீட்டு வந்தால் முன்பைவிட மோசம்.

304க்கு முதுகு ஏன் இவ்வளவு முக்கியம் என்று யோசியுங்கள். ஏலம் கேட்டவர் துரும்பை (மற்ற இனங்களை வெட்டும் இனத்தைக் காட்டும் சீட்டை) கவிழ்த்து வைக்கிறார். போட்ட இனம் கையில் இல்லாதவரும் சீட்டைக் கவிழ்த்தே போடுகிறார். துரும்பு திறக்கும்வரை ஆட்டத்தின் பாதி இரகசியம் அந்த முதுகுகளில்தான் இருக்கிறது. அதிலும் முதலில் கெடுவது ஜேக்தான். 304ல் ஜேக்குக்குத்தான் 30 புள்ளி, அவன் கையில் வந்துவிட்டால் யாராவது மெதுவாக வைப்பார்களா? மேசை அதிர அடிப்பதில்தானே சந்தோஷம். மூலை மழுங்கிய சீட்டு கவிழ்ந்து கிடந்தால், நாலு நாள் சேர்ந்து ஆடியவருக்கு அது என்னவென்று தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி ஆட நான் புனிதன் இல்லை, நீங்களும் இல்லை.

இன்னொன்று. 304க்கும் ஓமிக்கும் ஏழிலிருந்து ஆஸ் வரை 32 சீட்டுத்தான் வேண்டும். மற்ற 20ம் பெட்டிக்குள் தூங்கும், அல்லது கணக்கு வைக்க உதவும். ஒரு வருடம் கழித்து அதே கட்டில் ரம்மி ஆடினால், எதிரில் இருப்பவர் எடுத்தது சின்னச் சீட்டா பெரிய சீட்டா என்று முதுகே சொல்லிவிடும். ஆகவே 304க்கு ஒரு கட்டு, ரம்மிக்கு ஒரு கட்டு என்று பிரித்து வையுங்கள். 304 கட்டுகள் இரண்டு வாங்கி நாள் மாற்றி நாள் ஆடினால் இன்னும் நல்லது. சீட்டுகள் சேர்ந்து பழசாகட்டும், அதில் குற்றமில்லை.

அப்புறம், வெறும் சீமெந்துத் தரையில் ஆடாதீர்கள். தட்டையாகக் கிடக்கும் சீட்டை நகத்தால் கிளப்பும்போதுதான் ஓரம் பிளக்கிறது. தடித்த போர்வையை நாலாக மடித்து விரித்தால் விரல் தானாக அடியில் போகும். பாயில் ஆடினால் பின்னலில் மூலை மாட்டும். ரோல்ஸும் பற்றிஸும் தின்பது ஆட்டம் முடிந்த பிறகு.

கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி: கரம் பவுடர் தூவினால் சீட்டு நன்றாக வழுக்குகிறதே?

முதல் பத்து நிமிடம் வழுக்கும். பிறகு கை வியர்வையோடு சேர்ந்து பசையாகிவிடும். கரம் பவுடர் பெரும்பாலும் போரிக் அமிலம், சின்னப் பிள்ளைகள் விரலை வாயில் வைக்கும் வீட்டில் அது தேவையே இல்லை. முகத்துக்குப் பூசும் பவுடரும் அதே கதைதான். வித்தை காட்டுகிறவர்கள் சிங்க் ஸ்டியரேட் என்ற பொடியைப் பாவிப்பார்கள். நமக்குக் காய்ந்த பருத்தித் துணியால் துடைப்பதே போதும்.

தம்பலகாமத்திலிருந்து ஓர் ஐயா: கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் சீட்டெல்லாம் வளைகின்றனவே?

காற்றை மட்டும் குறை சொல்லாதீர்கள், ஐயா. மேலே கிடந்த சில சீட்டு மட்டும் வளைந்திருந்தால் அது காய்ந்த காற்றின் வேலை. கட்டு முழுவதும் ஒரே பக்கம் குழிந்திருந்தால் அது கலைப்பவர் கையின் வேலை. இரண்டு பாதியாகப் பிரித்து, பெருவிரலால் சரசரவென்று விடுகிறவர்கள் எப்போதும் ஒரே பக்கமாகத்தான் வளைப்பார்கள். அடுத்த சுற்றில் கட்டைத் திருப்பிப் பிடித்து எதிர்ப்பக்கம் வளைத்துக் கலையுங்கள், நேராகிவிடும். பிளாஸ்டிக் சீட்டை வெயிலில் நிற்கும் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே விட்டுப்போகாதீர்கள். சூட்டில் நெளிந்த பி.வி.சி.யை நேராக்குவது பெரும்பாடு.

ஓர் அக்கா: பெட்டி கிழிந்துவிட்டது. றப்பர் பாண்ட் போட்டு வைக்கலாமா?

வேண்டாம் அக்கா. ஓரத்தில் பள்ளம் விழும், நம் சூட்டில் றப்பரும் உருகி ஒட்டும். சவர்க்காரப் பெட்டி ஒன்று போதும்.

நிலாவெளியில் விருந்தினர் விடுதி நடத்துபவர்: வெளிநாட்டுக்காரர் கடற்கரைக்குக் கொண்டுபோய் மணலும் உப்புத் தண்ணியுமாகத் திருப்பித் தருகிறார்கள்.

கடற்கரைக்குப் பிளாஸ்டிக் கட்டு மட்டும் கொடுங்கள். திரும்பி வந்ததும் துடைக்காதீர்கள்! மணலோடு துடைத்தால் முதுகு முழுக்கக் கீறல். முதலில் நல்ல தண்ணியில் அலசி மணலையும் உப்பையும் போக்குங்கள். உப்பு மிஞ்சினால் காற்றின் ஈரத்தை இழுத்து மறுபடி பிசுபிசுக்கும். பிறகு ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம், மறுபடி நல்ல தண்ணி, துணியில் பரப்பி நிழலில் காயவிடுங்கள். தின்னர், நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் எதுவும் கிட்டவே வரக்கூடாது, செலுலோஸ் அசிடேட் அசிட்டோனில் கரைந்தே போகும். கடதாசிக் கட்டு கடலில் விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

பாடசாலை மாணவன்: என் போகிமான் காட்ஸில் மினுங்குகிறவை மட்டும் வளைகின்றன. மற்றவை நேராக இருக்கின்றன.

நல்ல கவனிப்பு, தம்பி. மினுங்கும் தகடு ஈரத்தை உறிஞ்சாது, பின்னால் உள்ள கடதாசி உறிஞ்சும். கடதாசி விரிய, தகடு அப்படியே நிற்க, சீட்டு வளைகிறது. சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் சில நாள் வைத்தால் இறங்கும். அளவுக்கு மிஞ்சிக் காயவிட்டால் மறுபக்கம் வளையும், ஆகவே இடையிடையே திறந்து பார். பொலிப்புரொப்பிலீன் உறையில் போட்டு வை. மணக்கும் மலிவு பி.வி.சி. உறை காலப்போக்கில் சீட்டில் ஒட்டும்.

நகரத்திலிருந்து ஒரு தங்கச்சி: தாத்தா கடற்படைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரர் காலத்தில் வேலை செய்தவர். அவருடைய கட்டு ஒன்று கிடைத்தது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது. லமினேட் செய்யட்டுமா?

செய்யவே வேண்டாம். லமினேட் செய்தால் திரும்ப எடுக்க முடியாது, செலோரேப் ஒட்டினால் மஞ்சள் கறை ஊறும். அரித்தது இராமபாணப் பூச்சியாக இருக்கலாம், அதற்குக் கடதாசியும் பசையும் விருந்து. சீட்டுகளை ஒவ்வொன்றாக மென்மையான தூரிகையால் தட்டி, அமிலமற்ற தாளில் சுற்றி, மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். பூச்சி உருண்டையைச் சீட்டின் மேல் நேராகப் போடாதீர்கள்.

ஸ்பேட் ஆஸைப் பாருங்கள். இங்கிலாந்தில் காட்ஸுக்கு வரி இருந்த காலத்து வழக்கப்படி, தயாரித்தவர் பெயர் பெரும்பாலும் அந்தச் சீட்டில்தான் இருக்கும். அந்த வரி 1960ல்தான் நீங்கியது. பிரித்தானியக் கடற்படை இங்கிருந்து போனது 1957ல். ஆகவே தாத்தாவின் கட்டு வரிக் காலத்ததாக இருக்கலாம், வரிச் சின்னம் உள்ள மேலுறை கிழிந்தாவது மிஞ்சியிருந்தால் எறிந்துவிடாதீர்கள். அந்தக் கட்டில் ஆடவும் வேண்டாம்.

கடைசியாக, அன்புவழிபுரத்திலிருந்து: செத்தவீட்டில் இரவு முழித்திருக்க என் கட்டைத்தான் கேட்கிறார்கள். திரும்பி வரும்போது வெற்றிலைக் கறை, பிளேன்ரீக் கறை. இல்லையென்று சொல்லவும் முடியவில்லை.

சொல்லக் கூடாதுதான். இரவலுக்கென்றே மலிவான கடதாசிக் கட்டு இரண்டு வாங்கி வையுங்கள், போனால் போகட்டும். கறை பட்ட பிளாஸ்டிக் சீட்டை அன்றைக்கே சவர்க்காரத் தண்ணியால் துடைத்தால் பெரும்பாலும் போகும், ஆறப்போட்டால் நிழலாக நிற்கும். கடதாசியில் வெற்றிலைச் சிவப்பு ஊறினால் எடுக்க வழியில்லை. திரும்பி வந்ததும் எண்ணிப் பாருங்கள். 51 இருந்தால், தொலைந்தது இரண்டிலிருந்து ஆறுக்குள் உள்ள சீட்டென்றால், 304க்கு அந்தக் கட்டு இன்னும் முழுசுதான்.