பூம்ஸ்லாங் பாம்பு கடித்தால் உடனே ஒன்றும் தெரியாதாமே, பிறகு எப்படி உயிர் போகிறது?

நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். கடித்துச் சில மணி நேரம் பெரிதாக எதுவும் தெரியாது; சிலருக்கு ஒரு நாள்கூட ஆகிவிடும். அதனால்தான் எனக்கு ஆப்பிரிக்காவின் கொடிய விஷப்பாம்பான மாம்பாவைவிட இதன் மேல் பயம் அதிகம்.

ஆஃப்ரிகான்ஸ் மொழியில் பூம்ஸ்லாங் என்றால் மரப்பாம்பு. சகாராவுக்குத் தெற்கே பல நாடுகளில் உண்டு. ஆண் பெரும்பாலும் பச்சை, பெண் பழுப்பு. கண் மட்டும் அந்தச் சிறிய தலைக்கு மிகப் பெரிது. இலையோடு இலையாக இருக்கும் பச்சோந்தியை அந்தக் கண்தான் காட்டிக்கொடுக்கிறது. பாம்பும் தன் முன்னுடம்பைச் சுள்ளி போல நீட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும். தூக்கணாங்குருவி இனப் பறவைகளின் கூட்டுக்குள் தலையை விட்டு முட்டையையும் குஞ்சையும் தின்னும். ஆளைக் கண்டால் நழுவிவிடும். வழி அடைபட்டால் கழுத்தை ஊதிக் காட்டும். கடிபட்டவர்களில் பெரும்பாலோர் அதைக் கையில் பிடித்தவர்கள்தான்.

நம் ஊர்ப் பச்சைப்பாம்பு போல இதற்கும் விஷப்பல் பின்னால், கண்ணுக்குக் கீழே இருக்கிறது. அப்படிப்பட்ட பாம்பு நன்றாக மென்றால்தான் விஷம் ஏறும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் பூம்ஸ்லாங் வாயை ஏறக்குறைய 170 டிகிரி திறக்கும். ஒரே கடியில் பல் பதிந்துவிடும்.

சரி, விஷம் என்ன செய்கிறது? ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைத் தூண்டிவிடுகிறது. உடம்பெங்கும் நுண்ணிய உறைவுகள் உண்டாகி, அந்தப் புரதங்கள் மெல்ல மெல்லத் தீர்ந்துபோகின்றன. அப்புறம் ரத்தம் உறையவே உறையாது. ஈறு, சிறுநீர், பழைய காயம் என்று கசியத் தொடங்கி, கடைசியில் மூளையிலும் கசியும்.

இதற்கு நான் மறக்க முடியாத சாட்சி கார்ல் ஷ்மிட். சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தின் பாம்பியலாளர். 1957 செப்டம்பர் 25 அன்று, இனம் கண்டு சொல்லும்படி அனுப்பப்பட்ட ஒரு பூம்ஸ்லாங் குட்டி அவர் கட்டைவிரலில் கடித்தது. ஒரு பல்தான் பதிந்தது, அதுவும் குட்டி. உயிருக்கு ஆபத்தில்லை என்று நினைத்தார். ரயிலில் வீட்டுக்குப் போனார். குமட்டல், காய்ச்சல், ஈறில் ரத்தம் என ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதிவைத்தார். மறுநாள் காலை சாப்பிட்டார், தேறிவிட்டதாகவே நம்பினார். அன்று பிற்பகல் இறந்துபோனார். நுரையீரல், சிறுநீரகம், மூளை எல்லாவற்றிலும் ரத்தக்கசிவு.

பல பாம்புகளுக்குப் பொதுவாகக் கொடுக்கும் விஷமுறிவு மருந்து இதற்குக் கேட்காது. இதற்கென்றே ஒரு மருந்து தென்னாப்பிரிக்காவில் தயாராகிறது. கடிபட்டு ஒரு நாள் கடந்த பிறகு அதை ஏற்றியும் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள்.