வாங்கிய நாலாம் நாளே கோழி செத்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: வாரச்சந்தையில் ஆறு வெடைக்கோழி வாங்கினேன், ஒன்று 450 ரூபாய். நாலாம் நாள் ஒரு கோழி பச்சையாகக் கழிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டு நின்றது. மறுநாள் செத்துப்போனது. இன்னும் இரண்டு இறக்கையைத் தொங்கப்போட்டு நிற்கின்றன. விற்றவரைக் கேட்டால் ‘உங்க ஊர்த் தண்ணி ஒத்துக்கலை’ என்கிறார். மருந்துக்கடையில் ஒரு டானிக்கும் ஒரு பவுடரும் 380 ரூபாய்க்குத் தந்தார்கள். விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? (வாசகி, ஈரோடு மாவட்டம்)

பதில்: பணத்தை அப்புறம் பேசுவோம் அம்மா. முதலில் அந்த இரண்டையும் வேறு இடத்தில் பஞ்சாரம் போட்டு மூடி வையுங்கள். நல்ல கோழிகளுக்குத் தீனி போட்ட பிறகுதான் நோய்க்கோழி பக்கம் போக வேண்டும். திரும்பி வந்ததும் கையையும் செருப்பையும் கழுவுங்கள்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் வெள்ளைக்கழிச்சலுக்குப் பொருந்துகின்றன. மருத்துவர்கள் இதை ராணிக்கெட் நோய் என்பார்கள். இது வைரஸ் நோய், வந்த பிறகு குணப்படுத்த மருந்து கிடையாது. அந்த 380 ரூபாய் டானிக்கும் பவுடரும் இதைத் தீர்க்காது. கடைக்காரர் கோழியைப் பார்க்காமலேயே பவுடரை எடுத்துக் கொடுத்தார் என்பதுதான் எனக்கு வருத்தம். கிருமி உடம்பில் புகுந்து நோய் வெளியே தெரியப் பெரும்பாலும் ஐந்தாறு நாள் ஆகும். சில சமயம் இரண்டே நாளில் தெரியும், சில சமயம் பதினைந்து நாள் வரை போகும். அப்படியென்றால் உங்கள் கோழி சந்தையிலோ அதற்கு முன்போ நோயைப் பிடித்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். தண்ணீரால் கழுத்து திருகாது.

இன்னொன்று செத்தால் உடனே புதைத்துவிடாதீர்கள். இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி, ஐஸ் வைத்து, அன்றைக்கே அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். ஃப்ரீசரில் வைக்க வேண்டாம், உறைந்துவிட்டால் உறுப்புகளைச் சரியாகப் பார்க்க முடியாது. திடீரென்று பல கோழிகள் சேர்ந்து செத்தால் எதையும் கையால் தொடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், பறவைக்காய்ச்சலாகவும் இருக்கலாம். புதைக்கும்போது ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். ஓடையில் வீசினால் அடுத்த தெருக் கோழிக்கும் போய்ச் சேரும்.

இப்போது பணம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அசையும் சொத்து எல்லாமே பொருள்தான், கோழியும் அதில் அடங்கும். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். வாங்கியதன் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. 1915க்கு போன் செய்தும் புகார் பதியலாம். ஆனால் விற்றவர் யார், என்ன விலை, நோய் முன்பே இருந்ததா என்பதையெல்லாம் நீங்கள்தான் காட்ட வேண்டும். பில் இல்லாத சந்தை வியாபாரியிடம் இது கஷ்டம். போனில் பணம் அனுப்பிய பதிவும், வாங்கிய அன்று எடுத்த படமும், பரிசோதனை அறிக்கையும் இருந்தால் அவற்றை எடுத்துக்கொண்டு அடுத்த சந்தையில் அவரையே நேரில் பாருங்கள். செத்ததற்கு மாற்றுக்கோழி தாருங்கள் என்று கேட்காதீர்கள், பணமாகவே கேளுங்கள். அதே கூட்டத்துக் கோழி அதே நோயோடு வரலாம். பண்ணையிலோ இணையத்திலோ பில்லோடு வாங்கியிருந்தால் கட்டாயம் புகார் கொடுங்கள்.

அடுத்த முறை விலை பேசுவதற்கு முன் தடுப்பூசித் தேதியைக் கேளுங்கள். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி, இதுதான் வழக்கம். ‘போட்டாச்சு, போட்டாச்சு’ என்பவர் எந்த வாரம் போட்டார் என்று சொல்ல முடியாமல் திணறினால் போடவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அரசு கால்நடை மருந்தகங்களில் இந்த ஊசிக்கு இலவச முகாம் நடக்கிறது, பெரும்பாலும் பிப்ரவரியில். நீங்களே மருந்து வாங்கினால் ஐஸ் டப்பாவில் வைத்துக் கொண்டுவாருங்கள். கலக்கியதை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். வெயிலில் பையில் தொங்கவிட்டு வந்த மருந்தில் உயிர் இருக்காது. ஒரு குப்பி பெரும்பாலும் நூறு கோழிக்கு வரும், அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து வாங்கினால் காசும் மிச்சம், தெருவும் பாதுகாப்பு.

சந்தையில் கோழியைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக் காட்டுவார்கள். அப்படிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வாங்கி இடுப்போடு அணைத்துப் பிடியுங்கள். கண்ணில் நுரை இருக்கிறதா, மூச்சு கொரகொரக்கிறதா என்று கவனியுங்கள். பின்பக்க இறகை விலக்கி வாயால் ஊதினால் தோல் தெரியும். அங்கே இறகின் அடியில் ரவையை ஒட்டிவைத்தாற்போல் வெள்ளைக் கொத்து இருந்தால் அது பேன் முட்டை. எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தால் வேண்டாம். ‘முட்டைக்கு வந்த கோழி’ என்று கூடுதல் விலை கேட்டால், ஆசனவாயின் இரு பக்கமும் உள்ள இடுப்பெலும்புக்கு நடுவே விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் முட்டையிடுகிறது, ஒரு விரலே திணறினால் இன்னும் நாளாகும். வீட்டுக்கு வந்ததும் மூன்று வாரம் பழைய கோழிகளோடு சேர்க்காதீர்கள்.

கேள்வி: என் கோழிகள் தாங்கள் இட்ட முட்டையைக் கொத்திக் குடிக்கின்றன. முட்டை ஓடு காகிதம்போல மெல்லிசாக இருக்கிறது. கால்சியம் டானிக் ஒரு பாட்டில் 260 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: என்ன தீனி போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஓடு மெல்லிசாக இருப்பதைப் பார்த்தால் குருணையும் கம்பும் மட்டும்தான் என்று நினைக்கிறேன். ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தானியத்தில் அது சொற்பம். தானாக உடைந்த முட்டையை ருசி பார்த்த கோழி, அப்புறம் உடைத்தே குடிக்கும். டானிக்கை விட்டுவிட்டுத் தீவனக்கடையில் கிளிஞ்சல் வாங்குங்கள், விலை குறைவு. அதைத் தனிச் சட்டியில் வையுங்கள், தேவையான கோழி தானே தின்னும். முட்டையிடும் கோழிக்கு லேயர் தீவனம் நல்லது, 3.5 முதல் 4 சதவீதம் கால்சியம் இருக்கும். கடையில் பிராய்லர் தீவனத்தைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், மூட்டையில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்து வாங்குங்கள். லேயர் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடக் கூடாது, அந்தக் கால்சியம் அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முட்டையிடும் இடத்தை இருட்டாக்கி, காலையில் இரண்டு முறை முட்டையைப் பொறுக்குங்கள். சமையலில் மிஞ்சும் முட்டை ஓட்டைப் போடுவதென்றால் காயவைத்துத் தூளாக்கிப் போடுங்கள், முட்டை வடிவம் அவற்றுக்குத் தெரியக் கூடாது.

கேள்வி: தும்முகிற கோழிக்கு மனிதர் சாப்பிடும் ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பாதியாக்கித் தண்ணீரில் கலந்து கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அது முட்டை வழியாக உங்கள் பிள்ளைகளின் தட்டுக்கு வரும். கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுக்க 2019லேயே நாடு முழுவதும் தடை வந்துவிட்டது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் கொடுங்கள், எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்றும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கோழியை மருத்துவரிடம் கொண்டுபோக முடியவில்லையென்றால் 1962க்கு அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தி பற்றிச் சொல்வார்கள்.

கேள்வி: அடைக்கோழி எழவே மாட்டேன் என்கிறது. மூக்கில் இறகைக் குத்தினால் தெளியும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா.

பதில்: குத்தாதீர்கள், அதற்கு வலியும் புண்ணும்தான் மிச்சம். அடியில் கம்பிவலை போட்ட கூண்டில், வைக்கோல் இல்லாமல், காற்றும் வெளிச்சமும் படும்படி மூன்று நான்கு நாள் வையுங்கள். தீனியும் தண்ணீரும் குறையாமல் கொடுங்கள். வயிற்றுக்கு அடியில் காற்றுப் பட்டு வெதுவெதுப்புக் குறைந்தால் அடை தெளியும். அவசரம் இல்லையென்றால் பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்துவிடுங்களேன், 21 நாளில் குஞ்சு பொரித்துவிடும்.