பாட்டி நடந்தாலே பயப்படும் பேரன்

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. காலாண்டு லீவில் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது, அண்ணன் மொபைலில் ‘கிரானி’ என்ற பேய் கேம் விளையாடியிருக்கிறான். மூன்று வாரமாகத் தனியாகப் பாத்ரூம் போவதில்லை. இரவில் அலறி எழுகிறான். இரண்டு முறை படுக்கையை நனைத்துவிட்டான். எங்களோடு இருக்கும் மாமியாரைக் கண்டாலே ஒதுங்குகிறான். மந்திரித்துத் தாயத்து கட்டலாம் என்கிறார் அவர். என்ன செய்வது?
– ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: பேரனுக்குத் தன்மேல் வெறுப்பில்லை என்பதை முதலில் உங்கள் மாமியாருக்கு எடுத்துச் சொல்லுங்கள். பாவம், அவர் மனது எவ்வளவு வலித்திருக்கும்!

2017-இல் வந்த கேம் இது. பூட்டிய வீட்டில் மாட்டிக்கொண்டவர் ஐந்து நாளுக்குள் தப்பிக்க வேண்டும். உள்ளே கட்டையோடு திரியும் கிழவிக்குக் காது ரொம்பக் கூர்மை. கையிலிருந்து ஒரு பொருள் விழுந்தாலும், தரைப்பலகை கிறீச்சிட்டாலும் வந்துவிடுவாள். கட்டிலுக்கு அடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டும். ‘சத்தம் கேட்டால் ஆபத்து’ என்று பிள்ளையின் மூளை இப்படித்தான் பழகிவிடுகிறது. அப்புறம் நடுராத்திரியில் பாட்டி செருப்பைத் தேய்த்து நடந்தாலே அவனுக்கு அட்ரினலின் என்ற பதற்ற ஹார்மோன் சுரந்து நெஞ்சு படபடக்கிறது. அது வெறும் கேம் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் இருட்டில் அந்தத் தெரிதல் கைகொடுக்காது. அதனால் ‘இதுக்கெல்லாமா பயப்படுவே’ என்று மட்டும் கேட்காதீர்கள்.

அலறல் எந்த நேரத்தில் வருகிறது என்று கவனியுங்கள். தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் அலறி, கண் திறந்திருந்தும் உங்களை அடையாளம் தெரியாமல், காலையில் எதுவும் நினைவில்லை என்றால் அது ஆழ்ந்த தூக்கத்தில் வரும் அலறல். உலுக்கி எழுப்பாமல், விழுந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விடியற்காலைப் பக்கம் விழித்துக் கனவைச் சொன்னால் அது கெட்ட கனவு, அணைத்துக்கொள்ளுங்கள்.

கெட்ட கனவுக்கு நல்ல வழி ஒன்று உண்டு. பகல் வெளிச்சத்தில் அந்தக் கனவை வரையச் சொல்லி, முடிவை அவனையே மாற்றச் சொல்லுங்கள். என்னிடம் வந்த ஒரு சிறுமி, கிழவியின் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து வரைந்தாள். தினமும் பத்து நிமிடம் அந்தப் படத்தைப் பார்த்துப் புது முடிவைச் சொல்லிப் பழகினாள். தன்னைப் பயமுறுத்தியது எது என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது, பாருங்கள்!

பாட்டி இரவில் எழும்போது ‘நான்தான்டா ராஜா, தண்ணி குடிக்கப் போறேன்’ என்று குரல் கொடுக்கட்டும். பாத்ரூமுக்கு முதலில் வாசல் வரை கூடப் போங்கள். சில நாள் கழித்து ஹாலில் நின்று பேச்சுக் கொடுங்கள். பிறகு லைட் மட்டும் போதும்.

தாயத்து கட்டுவதால் கெடுதல் இல்லை. ஆனால் ‘பேய் பிடித்துவிட்டது’ என்று அவன் காதுபடப் பேசினால், கேமில் பார்த்தது நிஜம் என்றாகிவிடும்.

படுக்கையை நனைப்பதும் பயத்தால்தான் இருக்கும். ஆனாலும் நின்றுபோன பழக்கம் திரும்பி வந்தால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. தாகம் அதிகமாகி அடிக்கடி சிறுநீர் போனால் அன்றே சர்க்கரையும் பார்க்க வேண்டும். எப்படியும் நனைந்த விரிப்பை மற்றவர் முன்னால் பேச்சாக்க வேண்டாம்.

கேமை அழித்தால் மட்டும் போதாது. மற்றவர் விளையாடும் வீடியோக்கள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. ‘பாப்பி பிளேடைம்’ என்ற இன்னொரு திகில் கேமில் துரத்தி வரும் நீலநிற பொம்மை ஹக்கி வக்கி, கடையில் பொம்மையாகவே விற்கிறது. அதைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகளுக்கானது என்று நினைத்துவிடுகிறோம். எந்த கேமையும் ஹெட்போன் போட்டு நீங்களே பத்து நிமிடம் விளையாடிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். படுக்கப் போகும் நேரத்தில் மொபைலே வேண்டாம். இந்த வயதில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை.

இன்னும் இரண்டு வாரத்தில் குறையாவிட்டாலோ, பள்ளிக்கே போக மறுத்தாலோ குழந்தை மருத்துவரைப் பாருங்கள். அலறும்போது கை கால் வெட்டி இழுத்தால் காத்திருக்காமல் உடனே போங்கள். முடிந்தால் அதை மொபைலில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள்.