தாவீது ராஜா பற்றிய தொலைக்காட்சிப் படங்கள் ஏன் வேதாகமத்தில் உள்ளபடியே இருப்பதில்லை?

தொலைக்காட்சிப் படம் என்றால் தியேட்டருக்கு அல்லாமல், டிவியில் ஒளிபரப்பவே எடுக்கப்படுவது. 1997இல் வந்த 'டேவிட்' அப்படிப்பட்டது. நதானியேல் பார்க்கர் தாவீதாகவும் ஜோனதன் பிரைஸ், தாவீதுக்கு முன் இஸ்ரவேலை ஆண்ட ராஜாவான சவுலாகவும் நடித்தார்கள்.

மாற்றத்துக்கு முக்கியக் காரணம் மூலமான வேதாகமத்திலேயே இருக்கிறது. அதிலுள்ள 1 சாமுவேல் என்ற புத்தகத்தின் 16ஆம் அதிகாரத்தில் தாவீது சுரமண்டலம் என்ற நரம்பிசைக் கருவியை வாசித்து, சவுலுக்குப் பிரியமான ஆயுததாரி (ஆயுதங்களைச் சுமப்பவர்) ஆகிறார். அடுத்த அதிகாரத்தில், எதிரிப் படையின் ராட்சத வீரன் கோலியாத்தை எதிர்க்கப் போகும் அவரைப் பார்த்து "இவன் யாருடைய குமாரன்?" என்று அதே சவுல் கேட்கிறார்! படம் எடுப்பவர் இதை எப்படியாவது ஒட்டவைத்தாக வேண்டும். தாத்தா கதையைப் பெரியப்பா ஒருவிதமாகவும் அத்தை ஒருவிதமாகவும் சொல்ல, பிள்ளைகளுக்கு நாம் ஒரே சரடாகக் கோத்துச் சொல்வதில்லையா, அதுபோல.

படங்களில் மட்டுமல்ல, நம் நினைவிலும் கதை மாறிவிடுகிறது. உரியா என்ற வீரனின் மனைவி பத்சேபாள்தான் தாவீதை மயக்கினாள் என்று பலர் நம்புகிறார்கள். மூலத்தில் ஆள் அனுப்பி அவளை அழைப்பித்தவர் தாவீது, தீர்க்கதரிசி நாத்தான் கண்டித்ததும் தாவீதைத்தான்.