கார் பார்க்கிங் உண்டு என்றால், எந்த எண்?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் ஓர் அப்பார்ட்மென்ட்டில் 26,000 ரூபாய் வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறோம். 'கவர்டு கார் பார்க்கிங் உண்டு' என்கிறார் புரோக்கர். ஆனால் அவர் காட்டிய இடத்தில் வேறொரு கார் நிற்கிறது. 'நீங்க குடி வந்ததும் எடுத்துடுவாங்க' என்கிறார். டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் கார் யாருடையது என்று தெரியும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வாட்ச்மேனைக் கேட்டாலே சொல்லிவிடுவார். வீடு காலியாகக் கிடந்ததால் பக்கத்து வீட்டார் நிறுத்தியிருந்தால் ஓனரின் ஒரு போனில் தீரும். ஓனர் அந்த இடத்தைத் தனியாக வாடகைக்கு விட்டிருந்தாலோ, அது இந்த வீட்டுக்குரிய இடமே இல்லை என்றாலோ, குடிபோன பிறகு தினமும் சண்டைதான்.

புரோக்கரை விட்டுவிட்டு ஓனரிடமே பேசுங்கள். பில்டர் கொடுத்த பார்க்கிங் ஒதுக்கீட்டுக் கடிதம், இல்லையென்றால் கிரயப் பத்திரத்திலோ கட்டுமான ஒப்பந்தத்திலோ பார்க்கிங் வரும் ஷெட்யூல் (சொத்து விவரம்) பக்கம், இரண்டில் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். முழுப் பத்திரம் தேவையில்லை. அதிலுள்ள எண்ணும் தரையில் பெயின்ட் அடித்த எண்ணும் ஒன்றுதானா என்று அசோசியேஷன் செயலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறு, எட்டு வீடுகள் கொண்ட பழைய கட்டடங்களில் மட்டும் இது நடக்காது. பத்திரத்தில் பார்க்கிங் பற்றி ஒரு வரிகூட இருக்காது, அசோசியேஷனும் இருக்காது, எட்டு வீட்டுக்கு ஐந்து கார்தான் நிற்கும், வாய்ப்பேச்சில் காலம் ஓடும். அங்கே குறிப்பிட்ட இடம் என்று கொடுக்க ஓனரிடமே ஒன்றுமில்லை. மற்ற வீட்டுக்காரர்கள் இருவரிடமாவது, முக்கியமாகத் தரைத்தளத்தில் இருப்பவரிடம், நேரில் கேளுங்கள். ராத்திரி பத்து மணிக்குப் போய் எத்தனை கார் நிற்கிறது என்று பாருங்கள். பகலில் எல்லா ஸ்டில்ட்டும் (கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே உள்ள பார்க்கிங் தளம்) காலியாகத்தான் தெரியும். புரோக்கர்கள் பதினோரு மணிக்கு வீடு காட்டுவது அதனால்தான்.

டேப் வைத்து அளந்துவிடுங்கள். விதிப்படி ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் வேண்டும். பல இடங்களில் தூண் அதில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். ஸ்விஃப்ட் போன்ற 4 மீட்டருக்குட்பட்ட கார் சமாளிக்கும், 4.7 மீட்டர் இன்னோவா என்றால் காரைக் கொண்டுபோய் நிறுத்தி, டிரைவர் பக்கக் கதவைத் திறந்தே பாருங்கள்.

ஒப்பந்தத்தில் 'கார் பார்க்கிங் வசதியுடன்' என்ற வார்த்தை எதற்கும் உதவாது. 'ஸ்டில்ட்டில் 7ஆம் எண் இடம் இந்த வாடகையில் அடங்கும். அதைப் பயன்படுத்த முடியாத மாதங்களில் வாடகையில் 2,500 ரூபாய் கழிக்கப்படும்' என்று எழுதுங்கள். பார்க்கிங்குக்குத் தனிப் பேப்பர் போடலாம் என்று யோசனை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வீட்டோடு சேராத இடத்தை எப்போது வேண்டுமானாலும் பிடுங்கலாம் என்பதற்கான வழி அது.

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், இணையத்திலேயே செய்யலாம். பதினொரு மாத ஒப்பந்தத்துக்கு இதெல்லாம் வேண்டாம் என்று புரோக்கர் சொல்வது பொய். தண்ணீர், மின்சாரம் போலப் பார்க்கிங்கையும் தடுக்கக் கூடாத அத்தியாவசிய சேவை என்கிறது அந்தச் சட்டம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைப் பெற்றுத் தர வேண்டியவர் ஏற்கெனவே நூறு கோப்புகளோடு உட்கார்ந்திருக்கும் வருவாய்த் துறை அதிகாரி. அவர் உத்தரவு போடும்வரை நீங்கள் தெருவில்தான் நிறுத்த வேண்டியிருக்கும். அதனால்தான் ஒப்பந்தத்தில் அந்த 2,500 ரூபாய் வாக்கியம்.

புரோக்கர் கமிஷன் சாவி கைக்கு வந்த பிறகு, ஒரு மாத வாடகைக்கு மேல் போகாமல். டோக்கன் பணம் ஓனரின் வங்கிக் கணக்குக்கு மட்டும்.

மடிப்பாக்கம் என்பதால் ஒன்று கூடுதலாக: தூண்களில் பழைய வெள்ளக் கறை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். புது பெயின்ட் அடித்திருந்தால் 2015, 2023 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். டயருக்கு மேல் வந்த இடமென்றால் கார் பாலிசியில் எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் சேர்த்துவிடுங்கள். அது இல்லாமல், தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து பழுதாக்கினால் சாதாரணப் பாலிசியில் பெரும்பாலும் பணம் வராது.